ஐந்து மில்லிமீட்டர்

மாமா வீட்டை விற்பது என்று முடிவானபோது, பாரிசிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அத்தான், மெத்தை ரூம்ல அப்பாவோட ரயில் இருக்கே, அத என்ன பண்றது?"

வாங்கியவர் அந்த வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றப் போகிறார். புதுச்சேரியில் பழைய வீடுகள் எல்லாவற்றுக்கும் இப்போது நேர்வது அதுதான். அதைப் பற்றிப் புலம்ப இது இடமில்லை. மாத முடிவுக்குள் மாடியறையைக் காலி செய்துவிட வேண்டும். அங்கே இருந்தது 4 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஒரு மேடை. சுவரோடு சேர்த்துக் கட்டியது. அந்தக் குறுகிய படிக்கட்டு வழியாக முழுதாக இறக்கவே முடியாதது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அவகாசம் அன்று, அந்த அறைக்குள் மறுபடி நுழையும் துணிவு. நான் கடைசியாக அங்கே போனது 1991ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று. தேதி நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு.

மாமா ஒரு 'சொல்தா'. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, பென்சியோனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. மாமா எழுதிக் கொடுத்தார். என் அம்மா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைத் தின்று வளர்ந்த அண்ணனும் தங்கையும் இரண்டு நாட்டவர் ஆனார்கள். இதை யாரும் பெரிய நாடகமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அப்படிப் பல வீடுகள் இருந்தன.

1984இல் அவர் நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தெற்குப் புல்வாருக்கு இரண்டு வீதி தள்ளி இருந்த பூர்வீக வீட்டின் கூடத்தில் அவருடைய இரும்புப் பெட்டிகள் வரிசையாக இறங்கின. எல்லோரும் சென்ட் புட்டிகளையும் போர்வைகளையும் எதிர்பார்த்துச் சுற்றி நின்றோம். ஒரு பெட்டியில் முழுக்கத் தண்டவாளம் இருந்தது. அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கிழக்குப் பிரான்சின் பாசறைகளில் இருந்த காலத்தில் அவர் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. பெரும்பாலும் ழூயெஃப் நிறுவனத்தின் தயாரிப்புகள். ஜூரா மலைப்பகுதியில் உள்ள ஷாம்பஞோல் என்ற சிற்றூரில் 1944இல் தொடங்கிய பொம்மைத் தொழிற்சாலை அது. பிரான்சில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மின்சார ரயிலைக் கைக்கெட்டும் விலையில் கொடுத்தது என்று மாமா அதைப் பற்றி ஒரு உறவினரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். அவற்றுள் அவர் கைக்குட்டையில் சுற்றித் தனியாக வைத்திருந்தது ஒரு கறுப்பு நீராவி எஞ்சின். '141 எர்' என்பது அதன் பெயர். "சாங் கராந் தே அன் எர்" என்று அவர் உச்சரிக்கும்போது ஏதோ மந்திரம்போல இருக்கும். எஞ்சின் வகைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் அச்சுகளை எண்ணிக் குறிக்கிறார்கள்: முன்னால் ஒன்று, நடுவில் இழுவைக்கு நான்கு, பின்னால் ஒன்று. ஆங்கிலேயர்கள் இதையே சக்கரங்களை எண்ணி 2-8-2 என்பார்கள். படையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் தன்னை ஏற்றிச் சென்ற வண்டியை இழுத்தது இந்த வகை எஞ்சின்தான் என்பார். பனியில் நடுங்கிக்கொண்டு நடைமேடையில் நின்றவருக்கு அதன் அருகே மட்டும்தான் ஊரின் வெயில் இருந்ததாம்.

இரண்டே மாதத்தில் மாடியறையில் தச்சர் வந்து மேடை போட்டார். மாமா கட்டியது புதுச்சேரியை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிய சிறுவர் ரயில் வேறு, சாவி கொடுத்தால் தரையில் ஓடும் தகர ரயில் வேறு, இது வேறு. இதில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. மாமாவின் அளவு 'ஹெச்.ஓ.' எனப்படுவது: 87-இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதன் 19 மில்லிமீட்டர் ஆவான். ஏழு மீட்டர் தந்திக்கம்பம் எட்டு சென்டிமீட்டர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 38 கிலோமீட்டர். அதை இந்த அளவில் அப்படியே போடுவதென்றால் 437 மீட்டர் நீளம் வேண்டும், அதாவது மாமா வீட்டு வாசலில் தொடங்கி நாலைந்து தெருக்களைத் தாண்ட வேண்டும். அவரிடம் இருந்தது 4 மீட்டர். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கலையின் முதல் கேள்வி. வளவனூரையும் சின்னபாபுசமுத்திரத்தையும் அவர் விட்டார். வில்லியனூர் நிலையத்தை வைத்துக்கொண்டார். சங்கராபரணியின் பாலத்துக்கு அரை மீட்டர் ஒதுக்கினார். மறுகோடியில் புதுச்சேரி நிலையம், தண்டவாளம் முடிகிற முட்டுக்கட்டையோடு. விழுப்புரம் சுவருக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு துளை இருந்தது, வண்டி அதற்குள் போய் நிற்கும், பிறகு திரும்பி வரும்.

வேகத்துக்கும் அளவு உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற வண்டி இந்த அளவில் விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர்கூடப் போகக் கூடாது. மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாற்பது விநாடி. பையன்களாகிய நாங்கள் மின்மாற்றியின் குமிழைத் திருகி 12 வோல்ட் முழுவதையும் கொடுத்து வண்டியைப் பறக்க விடுவோம். மாமா கையைத் தட்டிவிடுவார். "ஓடக் கூடாது மாப்ள. போவணும்."

அவர் செய்த நுணுக்க வேலைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கடைகளில் எதுவும் கிடைக்காத ஊரில், கிடைத்ததை வைத்துச் செய்தவர் அவர். தந்திக்கம்பங்கள் தென்னை விளக்குமாற்றின் ஈர்க்குகள். தண்டவாளத்துக்கு இடையில் பரப்பும் சல்லிக்கு, கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து கருங்கல் தூளை அள்ளி வந்து தேநீர் வடிகட்டியில் இரண்டு முறை சலிப்பார். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலையும் விட்டு, ஊசி மருந்துக் குழலால் சொட்டுச் சொட்டாக விடுவார். சோப்பு இல்லையென்றால் பசை முத்து முத்தாக மேலேயே நிற்கும், கற்களுக்குள் இறங்காது. செம்மண்ணுக்கும் சருகுக்கும் காய்ந்த தேயிலைத் தூள். இதனால் வீட்டில் ஒரு சட்டமே வந்துவிட்டது: தேநீரில் சர்க்கரையைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது, குவளையில்தான் கலக்க வேண்டும். சக்கையில் இனிப்பு இருந்தால் வில்லியனூருக்கு எறும்பு வந்துவிடும். "ரயிலுக்குப் பயந்து டீ குடிக்கிற குடும்பம் இது ஒண்ணுதான்" என்று அத்தை சொல்லிக்கொண்டே முறத்தில் சக்கையைப் பரப்பி வெயிலில் வைப்பார்.

மரங்களில் அவர் காட்டிய பிடிவாதம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. மாதிரி ரயில் அமைப்பவர்கள் பெரும்பாலும் மரத்தைக் குட்டையாகத்தான் செய்கிறார்கள், மேடையில் இடம் போதாது என்று. நன்கு வளர்ந்த பனை இருபது மீட்டர் உயரும். 87-இல் ஒரு பங்கென்றால் 23 சென்டிமீட்டர், எஞ்சினைவிட நீளம். மாமாவின் பனைகள் அந்த உயரத்தில்தான் நின்றன. ஊதுவத்திக் குச்சிகளை நூல் சுற்றித் தடிமனாக்கி, தாளில் விசிறி வெட்டி, பச்சையும் பழுப்புமாக வண்ணம் கொடுத்தவை. ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பனையைத்தான் பார்ப்பார்கள். சவுக்குத் தோப்பு, பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிரித்துச் செய்தது.

மனிதர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். பிரைசர் என்ற நிறுவனம் இந்த அளவில் குட்டி மனிதர்களைச் செய்து விற்கிறது. தொப்பியும் மேலங்கியும் கைப்பெட்டியுமாக இருப்பார்கள். மாமா அவர்களுடைய தொப்பிகளை அரத்தால் தேய்த்து முண்டாசு ஆக்கினார். மேலங்கிகளைச் சட்டையாக்கி, காற்சட்டைகளை வெள்ளை வேட்டியாக்கினார். பாவாடை அணிந்த பெண்களுக்கு மெல்லிய தாளைப் பசையில் நனைத்துப் புடவை கட்டினார். பூதக்கண்ணாடியும் ஒற்றை மயிர்த் தூரிகையுமாக அவர் உட்கார்ந்திருந்த மாலைகளில் நான் பக்கத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வில்லியனூர் நிலையத்தில் பிரம்பு வளையத்தை நீட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். ஒற்றைத் தடத்தில் ஒரே நேரத்தில் ஒரே வண்டிதான் போகலாம் என்பதற்கான டோக்கனை ஓட்டுநருக்குக் கொடுக்கிறவன். அந்த வளையம் ஒரு செம்புக் கம்பி இழை. அதன் கீழே டோக்கன் பந்து வைத்த பை, ஒரு கடுகு. கைகாட்டி மரங்கள் நூலிழுத்தால் தலை தாழ்ந்து வழிவிடும்.

உண்மையான ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுப்புரம்–புதுச்சேரி மீட்டர் பாதை 1879இல் திறக்கப்பட்டது. ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது, ஆனால் 'பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி' ஆங்கிலேயர்களுடையது, அதை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. தென்னார்க்காட்டின் நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறிய காலம் அது. வழியெல்லாம் பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேய நிலமும் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறி வரும். நடுவே சுங்கச் சோதனை. ஆக, பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்திலும் இந்த ஊருக்குப் பிரெஞ்சு எஞ்சின் ஒன்று வந்ததே இல்லை. வந்ததெல்லாம் பிரிட்டிஷ் வண்டி. 1951இல் தென்னிந்திய ரயில்வே புதிய தெற்கு ரயில்வேயில் கலந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் சுப்பையா சாலை ஓரமாக, இருதய ஆண்டவர் கோயிலைக் கடந்து புகைவிட்டுக்கொண்டு வந்தது 'ஒய்.பி.' வகை நீராவி எஞ்சின்.

மாமாவின் மேடையில் புதுச்சேரி நிலையத்தில் வந்து நின்றதோ, 141 எர். நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'பொந்திஷேரி' என்று பிரெஞ்சிலும் கீழே தமிழிலும் எழுதியிருந்தார்.

அதுதான் எனக்கு இருபது வயதில் பொறுக்கவில்லை.

அப்போது நான் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு செமஸ்டர் படித்தவனுக்கு உலகத்தையே அளந்து திருத்திவிடலாம் என்று தோன்றுமே, அந்தப் பருவம். மாமாவிடம் 'லோகோ-ரெவ்யு' என்ற பிரெஞ்சு இதழின் பழைய பிரதிகள் அடுக்கடுக்காக இருந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு அவரே எனக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுத்திருந்தார். ஹெச்.ஓ. அளவில் தண்டவாளங்களுக்கு இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் பொதுப்பாதை. நம் மீட்டர் பாதையோ 1000 மில்லிமீட்டர். அதற்கு இந்த அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போட வேண்டும் என்று அந்த இதழிலேயே இருந்தது. சுவிட்சர்லாந்தின் மலைரயில்களை இப்படித்தான் அமைக்கிறார்கள்.

ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள். கடற்கரையில் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்து, இரண்டு நாட்டுப் பண்களையும் பாடிவிட்டு, பதக்கங்கள் குத்திய கோட்டோடு சொல்தாக்கள் சிலர் மாமா வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனார். வண்டி சுவரிலிருந்து வெளிப்பட்டு, சங்கராபரணியைக் கடந்து, வில்லியனூரில் நின்று, நாற்பது விநாடிகளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குள் நுழைந்தது. பெரியவர் ஒருவர், "நம்ம ஸ்டேஷன் மாதிரியே இருக்கு முசியே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் சொன்னேன், "எங்க தாத்தா? இது நம்ம லைனே இல்ல. தண்டவாளம் நாலரை மில்லி அகலம். பாண்டிக்கு மீட்டர் கேஜ். இது பிரான்ஸ் கேஜ். இந்த எஞ்சினும் இங்க வந்ததே கிடையாது. பேர்ப்பலகை மட்டும்தான் பாண்டிச்சேரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். எஞ்சின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடினார். "காப்பி ஆறிடும், கீழ போலாம்" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

அவர் என்மேல் கோபித்துக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பொங்கலுக்குப் பணம் கொடுத்தார். என் திருமணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டிய சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தார். ஆனால் "மேல வா மாப்ள" என்று அதன்பின் ஒருமுறையும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. 'தவறாக என்ன சொன்னேன், கணக்கைத்தானே சொன்னேன்' என்று பல ஆண்டுகள் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பாதையே மாறிவிட்டது. இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் விழுப்புரம்–புதுச்சேரி அகலப்பாதை ஆயிற்று. 2004 ஜூலை 1 அன்று சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை மின்வண்டியும் நின்றது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டமாக மீட்டர் பாதை பெயர்க்கப்பட்டு, இன்று மலைமேல் நீலகிரி ரயில் மட்டும் அந்த ஆயிரம் மில்லிமீட்டரில் ஓடுகிறது. நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. அளவில் அதற்கு 19.26 வேண்டும். ஆக, மாமாவின் தண்டவாளம் பழைய புதுச்சேரிக்கு அகலம், புதிய புதுச்சேரிக்குக் குறுகல். எங்கள் ஊருக்கு எந்தக் காலத்திலும் பொருந்தாத அளவு அது.

இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் உரியதன்று என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. இந்தியாவில் ஹெச்.ஓ. அளவில் மாதிரி ரயில் அமைக்கிற எவரும் இதில் மாட்டிக்கொள்வார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர் நீளம்; மாதிரியில் 24.5 சென்டிமீட்டர். சன்போர்டில் அச்சொட்டாக அதைச் செய்துவிடலாம், சன்னல் கம்பிகள் உட்பட. ஆனால் கடையில் கிடைக்கும் சக்கரமும் தண்டவாளமும் 16.5தான். எனவே மேலே இந்தியப் பெட்டி, கீழே ஐரோப்பியச் சக்கரம். முன்னாலிருந்து பார்த்தால் பெரிய உடம்பும் ஒடுங்கிய காலுமாக நிற்கும். ஏறக்குறைய எல்லோரும் அந்த மூன்று மில்லிமீட்டரை மன்னித்துவிடுகிறார்கள். மன்னிக்காதவர்கள் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் தாங்களே செய்துகொள்ள வேண்டும்; பாதிப்பேர் ஒரு மீட்டர் போட்டபின் கைவிட்டுவிடுவார்கள்.

அலுவல் காரணமாகப் புனே போனபோது, கோத்ரூடில் உள்ள ஜோஷி சிற்றளவு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பாவு ஜோஷி என்ற ஒருவருடைய வாழ்நாள் ஆசை 1998 ஏப்ரல் 1 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இடம் அது. கைகாட்டிகளும் மேம்பாலங்களுமாக ஒரு நகரமே இருந்தது; அறை விளக்குகள் அணைந்து நகரத்தின் விளக்குகள் எரிந்தபோது பக்கத்திலிருந்த குழந்தைகள் மூச்சுவிட மறந்தார்கள். நான் வழக்கம்போல மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தேன். ஐரோப்பிய வண்டிகள், ஐரோப்பியப் பாதை, மராட்டி பேசும் கூட்டம். யாருக்கும் அங்கே எதுவும் முரணாகத் தெரியவில்லை. இதை மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன். போனேன். திண்ணையில் உட்கார்ந்து உடல்நலம் விசாரித்துக்கொண்டோம். சொல்லவில்லை. 2018இல் அவர் போய்விட்டார். நான்காண்டு கழித்து அத்தையும்.

சென்ற ஆண்டு, கேட்ட அவகாசத்தில் ஐந்து நாள் கழிந்தபின் கதவைத் திறந்தேன். உப்புக்காற்று புதுச்சேரி வீடுகளுக்குச் செய்வதை அந்த ஊருக்கும் செய்திருந்தது. பழைய பித்தளைத் தண்டவாளங்கள் பச்சை பூத்திருந்தன; பின்னாளில் மாற்றிய நிக்கல் வெள்ளித் தண்டவாளங்கள் மட்டும் தேவலை. வில்லியனூரைக் கறையான் தின்றிருந்தது. சங்கராபரணிப் பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பனைகளில் பாதிக்குமேல் நின்றன. டோக்கன்காரன் விழுந்து கிடந்தான், வளையம் கையிலேயே இருந்தது.

மேடைக்கு அடியில் பழைய பிரெஞ்சு பிஸ்கட் டப்பா ஒன்று. மூடியில் பேனாவால் '231' என்று எழுதியிருந்தது. நான் முதலில் ஏதோ கணக்கு என்று நினைத்தேன்.

உள்ளே ஒரு துண்டுத் தண்டவாளம், ஏறக்குறைய ஒரு சாண் நீளம். கடையில் வாங்கியதன்று. தீக்குச்சிகளை இரண்டாக ஒடித்துக் கட்டைகளாக அடுக்கி, பழைய தண்டவாளத்திலிருந்து உருவிய கம்பிகளை அவற்றின் மேல் ஒட்டியிருந்தார். மீட்டர் பாதைக் கட்டையின் நீளம் ஆறடி, 87-இல் 21 மில்லிமீட்டர். பாதித் தீக்குச்சி ஏறத்தாழ அவ்வளவுதான். அதை எப்படிக் கண்டுபிடித்தாரோ! அதனோடு ஓர் எஞ்சினின் உடல். மார்க்கர் பேனாவின் உறை கொதிகலனாகியிருந்தது. புகைபோக்கி ஒரு பால்பாயிண்ட் பேனாவின் மூடி. முன்விளக்கு ஒரு கண்ணாடி மணி. சக்கரங்கள் செய்யவில்லை. அட்டையில் வட்டமாக வெட்டிய ஆறு வில்லைகள் மட்டும் இருந்தன, ஒவ்வொன்றிலும் 15.8 என்று பென்சிலால் குறித்திருந்தது. ஒய்.பி. எஞ்சினின் இழுவைச் சக்கரம் 1372 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தேன்: 15.77. அப்போதுதான் மூடியில் இருந்த எண் விளங்கியது. முன்னால் இரண்டு அச்சு, நடுவில் மூன்று, பின்னால் ஒன்று. ஒய்.பி. எஞ்சினைப் பிரெஞ்சு முறையில் எண்ணினால் 231.

டப்பாவின் அடியில் ஒரு தாள். இடைவெளியின் கணக்கு. 1000-ஐ 87-ஆல் வகுத்து 11.5 என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். அதன் கீழே 16.5-இலிருந்து அதைக் கழித்து, 5 என்று எழுதி, அந்த ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

எனக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். நான் நாலரை என்று சொல்லியிருந்தேன். இதழில் போட்டிருந்த 12-ஐ அப்படியே எடுத்துக் கழித்தேனே தவிர, வகுத்துப் பார்க்கவில்லை. 12 என்பது தயாரிப்பாளர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட எண். அவர் வகுத்துப் பார்த்திருக்கிறார். நான் சொன்ன குற்றத்தைவிட அரை மில்லி கூடுதலான குற்றத்தை அவரே தன்மேல் எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. தாளில் தேதி இல்லை. 1991க்கு அடுத்த வாரம் செய்ததா, கண் மங்கிய கடைசிக் காலத்தில் செய்ததா, ஏன் சக்கரத்தோடு நின்றுபோனது என்பதெல்லாம் இனி கேட்டறிய முடியாது.

அன்றிரவு தூக்கம் வராமல் அந்த இரண்டு எஞ்சின்களைப் பற்றியும் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப்போரில் பிரான்சின் ரயில்கள் சிதைந்துபோயின. 1945க்கும் 1947க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1340 எஞ்சின்களைச் செய்வித்தார்கள். கடலில் மூழ்கிய சில போக மற்றவை பிரான்சை அடைந்தன. அவைதான் 141 எர். செய்துகொடுத்த ஆலைகளுள் ஒன்று பிலடெல்பியாவுக்கு அருகிலிருந்த பால்ட்வின். அதே பால்ட்வின், 1949இல் இந்தியாவின் மீட்டர் பாதைக்கு ஒரு புதிய எஞ்சினின் முதல் தொகுதியைச் செய்து அனுப்பியது. அது ஒய்.பி.; பின்னர் டெல்கோ உள்ளிட்ட ஆலைகளில் 1970 வரை 800-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சக்கரங்களுக்கு மேலே உயர்த்திக் கட்டிய நடைபலகை, உடம்புக்கு வெளியே ஒளிக்காமல் விட்ட குழாய்கள். இரண்டும் பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலேயமும் இல்லை, அமெரிக்கச் சாடை. 'இந்த எஞ்சின் இங்க வந்ததே கிடையாது' என்று அன்று பெரியவர்கள் முன்னால் சொன்னவன் நான். அதன் தம்பி தினமும் வந்து போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரியாமலே அவர் கண்ணுக்குப் பிடிபட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதையும் இப்போது என் வசதிக்காகச் சொல்லிக்கொள்கிறேனோ என்னவோ.

தச்சரை அழைத்து வந்து மேடையைத் துண்டுபோட்டோம். புதுச்சேரி நிலையம் இருந்த கடைசி ஒரு மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டேன். எஞ்சிய மூன்று மீட்டரும் கறையானோடு குப்பை வண்டியில் போயிற்று. பனைமரங்களைப் பிடுங்கிப் பூங்கொத்துப்போலக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். ஒரு குட்டி யானையில் நிலையத்தை ஏற்றி, அது குலுங்காமலிருக்க நானும் பின்னால் ஏறி உட்கார்ந்து, சுப்பையா சாலை வழியாக, உண்மையான நிலையத்தைக் கடந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 12 மில்லிமீட்டர் போடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். பிஸ்கட் டப்பாவின் ஒரு சாண் தண்டவாளத்தை நிலையத்தின் பக்கவாட்டில், சரக்குத் தடம்போல வைத்திருக்கிறேன். அதன்மேல் சக்கரமில்லாத ஒய்.பி. நிற்கிறது. சக்கரங்களைச் செய்யலாமா, அவர் விட்ட இடத்தில் விட்டுவிடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அட்டை வில்லைகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

141 எர் ஓட மறுத்தது. மோட்டாரின் எண்ணெய் இறுகிப் பிசினாகியிருந்தது. பல நாள் ஸ்பிரிட்டில் துடைத்து, கார்பன் முனைகளை மாற்றி, மை அழிக்கும் ரப்பரால் தண்டவாளத்தைத் தேய்த்து, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குமிழைத் திருகியபோது ஒரு பொறி பறந்தது, எஞ்சின் ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது. பாரிசில் இருந்தவளைக் கைப்பேசியில் காணொளி வழியாக அழைத்தேன். நிலையத்தையும் பனைகளையும் பெயர்ப்பலகையையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். நெடுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் என்ன பேசுவதென்று தெரியாமல் குமிழில் கைவைத்து வண்டியை விட்டேன். பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டேன் போலிருக்கிறது.

"மெதுவா, அத்தான்" என்றாள். "அப்பா இவ்ளோ வேகமா விடமாட்டாரு."